கேம் பெட்டியில் ஒரு சாக்கெட்

உங்கள் கம்பெனியின் அடுத்த கேம் கன்சோலில் வி.ஆர். ஹெட்செட்டுக்கு வசதி செய்வதா வேண்டாமா என்று உங்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மேடம், நீங்க ஒரு முடிவு சொல்லுங்க" என்கிறீர்கள். இன்றைய ஹெட்செட்டைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அதன் கண்ணாடியும் வேகமும் நாங்கள் கையாண்ட சாமானோடு ஒப்பிடக்கூடியதே இல்லை. எனக்குத் தெரிந்தது, இதே கேள்வி தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் எங்கள் முன்னால் வந்து நின்றபோது என்ன நடந்தது என்பது மட்டும்தான். அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் இருந்துகொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். கம்பெனி இருந்தது ஒரு பழைய பேண்டேஜ் துணிக் கிட்டங்கியில், குடோன் என்பீர்களே அதில். துணி வெளுக்கும் மருந்தின் வாடை கடைசிவரை அந்தச் சுவர்களை விட்டுப் போகவில்லை. டிவியில் செருகி விளையாடும் கேம் பெட்டி செய்தோம். சிப்பு தைவானிலிருந்து வரும். போர்டில் பற்றவைப்பது, பெட்டிக்குள் பூட்டுவது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூமாப்பட்டி, கான்சாபுரம் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். சோதனைப் பிரிவு என் பொறுப்பு. என் பிரிவின் முத்திரை விழாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது.

முதலாளிகள் இரண்டு பேர். கோதண்டம் அண்ணாச்சி துணி வியாபாரத்திலிருந்து வந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார். கோபம் வந்தால் எங்களிடமும் தெலுங்குதான். சாலமோன் சார் எஞ்சினியர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், எங்கள் சர்ச்தான். பணம் போட்டவர் ஒருவர், மூளை போட்டவர் ஒருவர் என்று வெளியே சொல்வார்கள். உள்ளே இருந்து பார்த்த எனக்கு அப்படித் தோன்றியதில்லை. தொழிலில் அண்ணாச்சிக்கு இருந்த நிதானம் எஞ்சினியருக்கு இருந்ததில்லை. எஞ்சினியருக்கு இருந்த துணிச்சல் அண்ணாச்சிக்கு இருந்ததில்லை. காலையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

அண்ணாச்சி எப்படிப்பட்டவர் என்பதை ஒரு சம்பவத்தில் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைத் தப்பாக எடுத்துவிடக்கூடாது. ஒருமுறை எங்கள் அடாப்டர் ஒன்றில் மின்சாரம் கசிந்து, சாத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தைக்குக் கையில் சுள்ளென்று அடித்துவிட்டது. பெரிய காயமில்லை. கடைக்காரர் பெட்டியைத் திருப்பி அனுப்பினார். நான் பிரித்துப் பார்த்தபோது அந்த ஒன்றில்தான் கோளாறு. மற்றவை நன்றாகவே இருந்தன. அப்படித்தான் சொன்னேன். அண்ணாச்சி கேட்கவில்லை.

"உனக்கு நூத்துல ஒண்ணு. அந்த வீட்டுக்காரனுக்கு அது ஒண்ணுதான் பிள்ளை" என்றார். வேனை எடுத்துக்கொண்டு கடைகடையாகப் போய் அந்தச் சரக்கு முழுவதையும் தானே இறக்கிக்கொண்டு வந்தார். சோதனைப் பிரிவில் இருப்பவளுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது என்று அப்போது நினைத்தேன். அதைவிடப் பெரிய பாடமும் அவரிடமிருந்தே வந்தது. ஆனால் வேறு விதமாக.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தொழில் இறங்கத் தொடங்கியது. சென்னைத் துறைமுகம் வழியாக வந்து இறங்கிய வெளிநாட்டுப் பெட்டி, நாங்கள் சிப்பு வாங்கும் விலைக்கே கடையில் கிடைத்தது. வீடுகளுக்குக் கேபிள் டிவி வந்துவிட்டது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த டிவியைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். ஆர்டர் குறைந்தது. வாரத்தில் சில நாள் வேலையில்லை என்று பெண்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சாலமோன் சார் பம்பாயில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு, ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி வந்தார். உள்ளே கறுப்பாக ஒரு தலைப்பெட்டி. கண்ணுக்கு நேராக இரண்டு சின்னத் திரை. தலையைத் திருப்பினால் உள்ளே இருக்கும் காட்சியும் திரும்பும். இன்று நீங்கள் வி.ஆர். என்று சொல்வதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி மாட்டிப் பார்த்தார். செத்த நேரத்தில் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

"இது செக்குமாட்டுக் கண்கட்டுல்லா. டிவியில விளையாடுனா வீட்டுல நாலு பேரு கூடி உக்காந்து பாக்கான். ஒருத்தன் விளையாடுறான், மத்தவன் கத்துறான், அதைப் பாத்துப் பக்கத்து வீட்டுக்காரன் வாங்குதான். இதை மாட்டுனவன் தனியா ஆடிக்கிட்டு இருப்பான். சுத்தி நிக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

"அண்ணாச்சி, கடையில இருக்குற பெட்டிக்கும் நம்ம பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்க. விலை ஒண்ணுதான் வித்தியாசம். அதுலயும் நாம தோத்துட்டோம். யாருகிட்டயும் இல்லாத ஒண்ணு நம்மகிட்ட இருக்கணும். பெட்டியை மாத்த வேண்டாம். பின்னாடி ஒரு சாக்கெட் வைக்கணும், அம்புட்டுத்தான்."

ஒரு சாக்கெட்தானே. இந்தச் சொல்லை நீங்களும் உங்கள் கூட்டத்தில் சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள். அந்த ஒரு சாக்கெட்டுக்காக நாங்கள் போர்டை முழுக்க மாற்றி வரைந்தோம். போர்டு பெரிதானதால் பெட்டிக்குப் புது அச்சு. தலைப்பெட்டி வாங்கப்போகிறவன் பத்தில் ஒருவனோ என்னவோ. வாங்காத ஒன்பது பேரும் அந்தப் பெரிய பெட்டிக்கு விலை கொடுக்க வேண்டும். பழைய பெட்டியில் சரிசெய்ய வேண்டியிருந்த சின்னச் சின்னக் குறைகளையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. நல்ல கைகள் எல்லாம் புதிதின் பக்கம் போய்விட்டன. ஹெட்செட்டின் செலவு ஹெட்செட்டில் மட்டும் இருப்பதில்லை என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அண்ணாச்சி ஏன் ஒத்துக்கொண்டார் என்றால், சாலமோன் சார் சொன்னதை மறுக்க அவரிடம் பதில் இல்லை. பழைய வழியில் போனால் கம்பெனி மெதுவாகச் சாகும் என்பது அவருக்கும் தெரியும். கையில் மிச்சமிருந்ததையெல்லாம் போட்டார். கோடை விடுமுறைக்குள் சரக்கு கடைக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு.

தலைப்பெட்டிகள் வந்து இறங்கியதும் என் பிரிவுக்கு வேலை வந்தது. முதல் நாள் மாட்டிப் பார்த்த பெண்களில் பாதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். எனக்கும் கண்ணுக்குப் பின்னால் இரண்டு நாள் வலித்தது. காட்சி விட்டுவிட்டு மின்னியது. தலை திரும்பி ஒரு நொடி கழித்துத்தான் காட்சி திரும்பியது. போய் சாலமோன் சாரிடம் சொன்னேன்.

"பஸ்ல முதல்ல போறவளும்தான் வாந்தி எடுக்கா எஸ்தர். போகப்போகப் பழகிரும்" என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரமும் கிடைத்துவிட்டது. கிருஷ்ணன்கோவில் பக்கத்திலிருந்து கல்லூரிப் பையன்கள் சிலரை வரவழைத்து மாட்டவிட்டார். கூச்சல் போட்டுக் கொண்டாடினார்கள். அதில் ஒருவன் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் வரிசையில் நின்றான். "பாத்தியா?" என்று சாலமோன் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாந்தியைப் பார்க்கச் சொல்கிறாரா, வரிசையைப் பார்க்கச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

என் பிரிவில் முத்துலட்சுமி என்று ஒருத்தி இருந்தாள். கூமாப்பட்டிக்காரி. புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் உண்டு. எந்த கேமையும் கடைசிவரை விளையாடி முடித்துவிடுவாள். தலைப்பெட்டி அவளை ஒன்றுமே செய்யவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை மாட்டிக்கொண்டு உட்காருவாள். கழற்றிவிட்டு நேராக நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். சாலமோன் சார் தலைப்பெட்டிச் சோதனை முழுவதையும் அவளிடம் கொடுக்கச் சொன்னார். வேலை வேகமாக நடந்தது. கோளாறு என்று ஒன்றுமே வரவில்லை.

இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். ஒரு சாமானைத் தாங்குகிறவளை வைத்து அதைச் சோதித்தால், தெரியவருவது அவளுடைய உடம்பைப் பற்றித்தான். சாமானைப் பற்றி ஒன்றும் தெரியாது. பின்கட்டுக்கு ஓடினாளே, அவளைத்தான் திரும்பத் திரும்ப உட்காரவைத்து, எப்போது, எதனால் என்று கேட்டிருக்க வேண்டும். அதை நான் வாதாடிப் பார்த்தேன். நேரமில்லை என்றார்கள். கடைசியில் ஒரு வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டேன்: பிள்ளைகளுக்கு மாட்டக்கூடாது, பிள்ளைகளை இது என்ன செய்யும் என்று தெரியும்வரை என் முத்திரை விழாது. சாலமோன் சார் சரி என்றார். மனதார ஒத்துக்கொண்டுதான் சொன்னார்.

விடுமுறைக்கு முன்னால் கடைக்காரர்களைக் கூட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் பெட்டியை அறிமுகப்படுத்தினோம். மதுரை, திருநெல்வேலி, சிவகாசியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சாலமோன் சாரின் மனைவி கிரேஸ் அக்காவும், ஏழாம் வகுப்புப் படித்த மகள் ரூபியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்ததால் ரூபி சீருடையிலேயே இருந்தாள்.

பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் மாட்டிப் பார்த்தார்கள். பலே என்றார்கள். ஒரு மதுரைக் கடைக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எஞ்சினியர் சார், எல்லாம் சரி. இது பிள்ளைக சாமான். வாங்குறது அப்பன், விளையாடுறது பிள்ளை. ஒரு பிள்ளைக்கு மாட்டிக் காட்டுங்களேன்."

சாலமோன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூடாது என்று தலையசைத்தேன். அந்தக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார், டெஸ்ட் பண்ற அம்மாவே வேண்டாங்காவ. அப்ப நாங்க எப்படி எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு விக்கிறது?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. சிலர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். வந்தவர்கள் எழுந்து போனால் கம்பெனி போயிற்று என்பது அந்த மேடையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். சாலமோன் சாரின் கழுத்தில் வேர்வை இறங்கியது.

"ஏட்டி ரூபி, இங்க வா" என்றார்.

"சார், வேண்டாம் சார்" என்று வாய்விட்டே சொன்னேன். அதுவும் எல்லார் காதிலும் விழுந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. "என் பிள்ளைக்கே மாட்டுறேன். வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் ஹாலைப் பார்த்து. ரூபி வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பா கூப்பிட்டதில் அவளுக்குப் பெருமை. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. போய் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

சாலமோன் சார் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைப்பெட்டியை மாட்டிவிட்டார். ரூபி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. நாற்காலியோடு சரிந்தாள்.

நான் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினேன். தலைப்பெட்டியின் வாரை அவிழ்த்தேன். கண் மேலே செருகியிருந்தது. சுற்றி ஒரே கூச்சல். "இரும்பு, இரும்பைக் குடுங்க" என்று யாரோ ஒரு சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். இன்னொருவர் சோடாவை வாயில் ஊற்ற வந்தார். எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு வலிப்பு உண்டு; என்ன செய்யக்கூடாது என்று பார்த்திருக்கிறேன். சோடாவைத் தட்டிவிட்டேன். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் முந்தானையைச் சுருட்டி வைத்தேன். "தள்ளுங்க, காத்து வரட்டும், யாரும் பிடிக்காதீங்க" என்று கத்தினேன். கிரேஸ் அக்கா வந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சாலமோன் சார் நின்ற இடத்திலேயே நின்றார். கேமைத் தொடங்கிவைத்த ரிமோட் இன்னும் அவர் கையில் இருந்தது.

வலிப்பு நின்றது. ரூபி மூச்சுவிட்டாள். பேச்சு வரவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றினோம். கடைக்காரர்கள் ஊருக்கு வாங்கிய பால்கோவாப் பொட்டலங்களோடு ஒவ்வொருவராக மாடிப்படி இறங்கிப் போனார்கள்.

டாக்டர் சொன்னது இது: அந்தப் பிள்ளையின் மூளையில் இயல்பிலேயே அப்படி ஒரு வாகு இருந்திருக்கிறது. விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் அதைத் தூண்டிவிட்டது. இந்தப் பெட்டி இல்லாவிட்டால் வேறொரு நாள் வேறொன்றால் வந்திருக்கலாம். வராமலே போயிருக்கவும் கூடும். இனி மருந்தை விடக்கூடாது.

அவர் சொன்னதில் எங்களுக்கு ஆறுதலும் இல்லை, தீர்ப்பும் இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் வரும். இதனால்தான் அது நடந்தது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அந்தச் சந்தேகத்தோடேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் கம்பெனியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் எதிர்பார்த்தது வேறு. ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றவர் அண்ணாச்சி. அவர் இப்போது இழுத்து மூடச் சொல்வார் என்று நினைத்தேன். கனவு கண்டவர் சாலமோன் சார். அவர் இன்னொரு வாய்ப்புக் கேட்பார் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ்.

"அத்தனை சரக்கும் கிட்டங்கியில அடுக்கியிருக்கு" என்றார் அண்ணாச்சி. அவர் முகம் வாடி வற்றிப்போயிருந்தது. "பெரியவங்களுக்கு மட்டும்னு ஒரு சீட்டை ஒட்டிருவோம். திருநெல்வேலிக்காரன் இன்னும் எடுக்கேன்னுதான் சொல்லுதான்."

"ஒட்டுறது நம்ம கை அண்ணாச்சி. மாட்டுறது யாரு கை?" சாலமோன் சாரின் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. "எல்லாத்தையும் உடைச்சுப் போட்டுருவோம். நான் உடைக்கேன்."

"உடைச்சுட்டு? நீ உன் பிள்ளைக்காகப் பேசுத. சரிதான்டா, எனக்கும் அவ பிள்ளைதான். வெளிய நிக்கிறாளுவளே, அவளுவ பிள்ளைகளுக்கு யாரு பேசுறது?" பொறவு என் பக்கம் திரும்பினார். "டாக்டரே சொல்லிட்டாரு, அது அந்தப் பிள்ளை உடம்புல இருந்ததுன்னு. ஆயிரத்துல ஒண்ணுக்கு இருக்கும். நீ சொல்லு எஸ்தரு. முத்திரை உன்னுது."

நூற்றில் ஒன்றுக்காகச் சரக்கு முழுவதையும் இறக்கிக்கொண்டு வந்த மனிதர் இப்படிக் கேட்டார். அவர் கெட்டுப்போகவில்லை. அன்றைக்கு அந்தச் சரக்கு போனாலும் கம்பெனி தாங்கும் என்ற தெம்பு அவருக்கு இருந்தது. இப்போது இல்லை. எல்லாவற்றையும் ஒன்றில் போட்டுவிட்ட பிறகு எவ்வளவு நல்லவருக்கும் கண்ணுக்கு முன்னால் வேறொன்றும் தெரியாது. ஹெட்செட்டுக்குள் போகாமலே வருகிற கண்கட்டு அது.

"அண்ணாச்சி, ஆயிரத்துல ஒண்ணா, நூத்துல ஒண்ணான்னு நமக்குத் தெரியாது" என்றேன். "தெரியணும்னா ஆயிரம் பிள்ளைக்கு மாட்டிப் பாக்கணும். அது யாரு வீட்டுப் பிள்ளைகளை வச்சுப் பாக்குறது? நான் முத்திரை போட மாட்டேன்."

அண்ணாச்சி எழுந்துவிட்டார். தெலுங்கில் ஏதோ கத்தினார். "முத்திரையை நானே குத்திக்கிடுதேன்" என்று கதவைத் திறந்தார். வாசலில் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். உள்ளே பேசியது அவர்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. முன்னால் முத்துலட்சுமி நின்றாள்.

"நீயே சொல்லு தாயி" என்றார் அவளிடம். எனக்கு எதிராக ஒரு சாட்சியைத் தேடினார் என்று நினைக்கிறேன். "தினமும் மாட்டிக்கிட்டு உக்காந்தவ நீ. உனக்கு ஒண்ணும் ஆகலல்லா? உன் மகளுக்கு மாட்டிவிடுவியா, மாட்டியா?"

முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். பொறவு தரையைப் பார்த்தாள்.

"மாட்டிவிடுதேன் அண்ணாச்சி" என்றாள். "நாளைக்கே கூட்டியாரேன். வேலை இருந்தாப் போதும்."

அண்ணாச்சி கதவைப் பிடித்தபடியே நின்றார். அவர் கேட்ட பதில் அதுதான். ஆனால் அதைக் கேட்டதும் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். மெதுவாகத் திரும்பி வந்து, காலையில் டீ குடிக்கும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மூடிருவோம்" என்றார். "வேண்டாம். மூடிருவோம்."

தலைப்பெட்டி ஒன்றுகூட வெளியே போகவில்லை. கேம் பெட்டிகளை மட்டும் வந்த விலைக்கு விற்றோம். பின்னால் இருந்த அந்த சாக்கெட்டைக் காட்டி, இது எதற்கு என்று கடைகளில் கேட்டார்களாம். தீபாவளிக்கு முன்னால் கம்பெனியை மூடினோம். பெண்களில் சிலர் பேண்டேஜ் தறிக்குப் போனார்கள், சிலர் மில்லுக்கு, சிலர் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலைக்கு. கடைசி நாள் முத்துலட்சுமி என்னிடம் வந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா சரியைப் பானையில போட்டு வடிக்க முடியாதுல்லா" என்றாள். அதில் கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று எடுத்த முடிவை மறுபடி எடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன். அதற்காக அது யாருக்கும் நல்லதாக முடிந்தது என்று சொல்ல என்னால் முடியாது. வயிறு உங்கள் கையில் இருக்கிறவரிடம் போய், "இது பாதுகாப்பானதா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவர் சொல்லும் பதில் அந்தக் கேள்விக்கு உரியதாக இருக்காது. இதுவரைதான் உங்கள் கூட்டத்துக்குப் பயன்படும். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

சாலமோன் சார் ஸ்ரீவில்லிபுத்தூரில் டிவி ரிப்பேர் கடை வைத்தார். நன்றாகத்தான் செய்தார். ஆனால் கேம் பெட்டி எதையாவது ரிப்பேருக்குக் கொண்டுவந்தால் தொடமாட்டார். சில வருஷம் கழித்து, தொண்ணூறுகள் முடிவதற்குள், நெஞ்சுவலியில் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் அண்ணாச்சி ஓரமாக நின்றார். ரூபி வளர்ந்திருந்தாள். மருந்து சாப்பிட்டுக்கொண்டு பிளஸ் டூ படித்தாள். இடையிடையே வலிப்பு வரத்தான் செய்தது. ஜெபம் முடிந்து மண் போடக் காத்திருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, அன்னிக்கு அந்தப் பெட்டிக்குள்ள என்ன தெரிஞ்சதுன்னு எங்கிட்ட யாருமே கேக்கல" என்றாள்.

எத்தனையோ பேரை மாட்டவைத்து, தலை வலிக்கிறதா, கண் கூசுகிறதா என்று கேட்டவள் நான்.

"என்ன தெரிஞ்சுச்சு?"

"ஒரு பாலம் அத்தை. கீழ தண்ணி. நான் திரும்புனா அது எல்லாம் கூடவே திரும்புச்சு. அம்புட்டு அழகா இருந்துச்சு. அப்பா இதையா செஞ்சிருக்காவன்னு நெனச்சேன். சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குப் பொறவு ஒண்ணும் ஞாபகமில்ல."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு."

"அந்தப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாவ. பொறவு சொல்லலாம், பொறவு சொல்லலாம்னு இருந்துட்டேன்."

போதகர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரூபி முன்னால் போய், குனிந்து, ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.